துணைத் தேர்வு

கோபுரத்திலிருந்து முப்பது மீட்டர் தள்ளி ஒருவன் நிற்கிறானாம், அங்கிருந்து கோபுரத்தின் உச்சியை அண்ணாந்து பார்க்கிறானாம், அறுபது டிகிரியாம், கோபுரம் எவ்வளவு உயரம் என்று நாங்கள் சொல்ல வேண்டுமாம். ரெஜினா டீச்சர் போர்டில் எழுதிவிட்டுச் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மே மாதத்து மத்தியானம். மின்விசிறி சுற்றுகிறது, ஆனால் காற்று கீழே இறங்கி வர மறுக்கிறது. எனக்கு அந்த ஆளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இந்த வெயிலில் எதற்கு அங்கே போய் நிற்கிறான், சாப்பிட்டானா இல்லையா, வீட்டில் யாரும் தேட மாட்டார்களா, கழுத்து வலிக்காதா. படம் போடுங்க, படம் போட்டாலே பாதிக் கணக்கு முடிஞ்சுது என்கிறார் டீச்சர். போடுகிறேன். நேராக ஒரு கோடு, படுக்கையாக ஒரு கோடு, சாய்வாக ஒரு கோடு. ஆளுக்குத் தலை வைத்து, கை வைத்து, தலைக்குமேல் ஒரு துண்டும் போட்டுவிட்டேன். பக்கத்துப் பெஞ்சிலிருந்து பூபதி எட்டிப் பார்க்கிறான். "ஆயா, ஆளெல்லாம் வரைய வேண்டாம், ஒரு புள்ளி வெச்சாப் போதும்" என்கிறான். எட்டாவது வரைக்கும் நான் கிளறிய சோற்றைத் தின்று வளர்ந்தவன். சத்துணவுக்கூடத்தில் முட்டைக்காக இரண்டாம் முறை வரிசையில் வந்து நிற்பான், தெரிந்தும் போடுவேன். இப்போது அவனும் பத்தாவது பெயில், நானும் பத்தாவது பெயில், அவனுக்கு இந்த மாதம்தான் ரிசல்ட் வந்தது, எனக்குக் கல்யாணத்துக்கு முன்னால். ஒரே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். புள்ளியா, ஒரு மனுசனைப் புள்ளி என்று எப்படி வைப்பது என்று நினைத்துக்கொண்டே முன்னால் பார்க்கிறேன். முதல் பெஞ்சில் ஜன்னல் ஓரமாக ஒரு முதுகு. இரட்டைச் சடை. காலையில் நான் பின்னிவிட்ட சடை. என் மகள் தாரணி. அவள் திரும்ப மாட்டாள். முதல் நாளே வீட்டிலிருந்து இறங்கும்போது சொல்லிவிட்டாள், "கிளாஸ்ல நீ என்னையக் கூப்பிடாதே, நானும் உன்னையக் கூப்பிட மாட்டேன், வழியிலயும் தனித்தனியாப் போயிக்கலாம்" என்று. சரி கண்ணு என்றேன். வெட்கமாகத்தானே இருக்கும். பெயிலானது ஒரு வெட்கம், பெற்றவளும் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்வது இன்னொரு வெட்கம். பதினாறு வயதில் ஒரு வெட்கத்தையே தூக்க முடியாது.

பள்ளிக்கூடம் முழுக்க லீவு, இந்த ஒரு அறை மட்டும் திறந்திருக்கிறது. மற்ற அறைகளில் பெஞ்சுகளைக் கவிழ்த்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். வரும்போது வராந்தாவில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. ஜன்னலுக்கு வெளியே மைதானம், அதற்கப்பால் பாறை, பாறைக்குமேல் அணையின் சுவர் ஒரு துண்டு தெரிகிறது, வெயிலில் அது மிதக்கிற மாதிரி இருக்கிறது. இந்த ஊர்க்காரிக்கு அணையைப் பார்க்கத் தோன்றாது. ஆனால் கணக்கு வகுப்பில் எல்லாம் பார்க்கத் தோன்றுகிறது. சத்துணவுக்கூடத்துக்கும் லீவு, அதனால்தான் என்னால் வர முடிகிறது. ஜூனில் பள்ளி திறந்துவிட்டால் மறுபடி அடுப்பு. பெரிய அண்டா, என் இடுப்பு உயரம். உலை கொதிக்கும்போது அரிசியைக் கொட்டிவிட்டுத் துடுப்பால் கிண்டுவேன், ஆவி முகத்தில் அடிக்கும், அப்போதெல்லாம் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். சமையல்காரம்மா கேட்பார், "ஏன் துளசிமணி, அண்டா உன்னையப் புடிச்சு இழுக்குதா?" என்று. சிரித்துவிடுவேன். இழுக்கத்தான் செய்கிறது. எனக்கு வலிப்பு வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நாளைக்கே வேண்டாம் என்றுவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, குழந்தைகள் சாப்பிடுகிற இடம். இதுவரை அங்கே வந்ததில்லை. வந்தது எல்லாம் வீட்டில், இரண்டு முறை வெளியூர்க் கடைவீதியில், ஒரு முறை பஸ்ஸில். ஆனால் அண்டாவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு படம் ஓடும். நான் முன்னால் சரிகிறேன், வெள்ளையாக, கொழகொழவென்று, சுடச்சுட. அதற்குமேல் நினைக்க மாட்டேன், கம்பியை இறுக்கிப் பிடிப்பேன். பத்தாவது பாஸ் பண்ணினால் அமைப்பாளர் வேலைக்கு எழுதிப் போடலாம். நாற்காலி. அரிசி எவ்வளவு வந்தது, முட்டை எவ்வளவு போனது என்று எழுதுகிற வேலை. அடுப்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு கணக்குப் பாடம்தான் நிற்கிறது, மற்றதெல்லாம் அன்றைக்கே பாஸ். விழுந்தாலும் தரையில் விழலாம். தரையில் விழுவதற்காகத்தான் படிக்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். தாரணியிடம்கூடச் சொல்லவில்லை, அவளிடம் சொல்ல வேண்டியதும் இல்லை. அவளுக்குத் தெரியாத என் பயம் ஒன்றுகூட இல்லை.

அவள்தான் முதலில் பார்த்தவள். மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா போர்வெல் வண்டியில் வேலைக்குப் போயிருந்தார், இப்போதும் அங்கேதான் இருக்கிறார், வடக்கே எங்கெங்கேயோ பூமியைத் துளை போட்டுக்கொண்டு, மழை பிடித்தால்தான் வீடு. அன்றைக்கு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். அவள் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அழாமல், கண்ணை அகலமாகத் திறந்து, என் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ, காலெல்லாம் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை பிள்ளையால். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு நான் போகும்போதெல்லாம் அவளும் வருவாள், டாக்டரிடம் அவள்தான் பேசுவாள். வாயில எதுவும் வைக்கக் கூடாதுங்களா, ஒருச்சாய்ச்சுப் படுக்க வெக்கணுங்களா, எவ்வளவு நேரத்துக்கு மேல போனா ஆம்புலன்ஸ் கூப்பிடணுங்க. டாக்டரம்மா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, நீயே டாக்டருக்குப் படிச்சிரு என்றார். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் சும்மா சொல்வதை நாம் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். தொங்கினேன், ஏனென்றால் அவளுக்கு வந்தது. எல்லாம் வந்தது, கணக்கு எல்லாவற்றையும்விட வந்தது. அரையாண்டில் தொண்ணூற்றி மூன்று. அவள் அப்பாவின் முதலாளி நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சொல்லி வைத்திருந்தார், ப்ளஸ் ஒன்னுக்கு அங்கே இடம், தங்கிப் படிக்கலாம். சொன்னபோது தாரணி தட்டிலிருந்து நிமிரவில்லை. சரி என்றாள். நான் அவளுக்குப் பெட்டி வாங்கினேன், பக்கெட் வாங்கினேன், உள்ளாடைகளில் பெயர் எழுதணுமாம் என்று நூல் வாங்கித் 'தா' என்று தைத்தேன். அப்புறம் ரிசல்ட். தமிழ் எண்பத்தி எட்டு, அறிவியல் தொண்ணூறு, கணக்கு இருபத்தி இரண்டு. செல்போனில் பக்கத்து வீட்டு ராசாத்தி பார்த்துச் சொன்னாள், நீ மாற்றிப் படிக்கிறாய் என்றேன், திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். இருபத்தி இரண்டு. தாரணி, "பயத்துல எல்லாம் மறந்துருச்சும்மா" என்றாள். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம், தப்பாகக் கூட்டியிருப்பார்கள் என்றதற்கு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். மற்ற பெயிலான பிள்ளைகள் அழுதார்கள், ஒருத்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. இவள் அன்றைக்கு ராத்திரி வழக்கம்போல இரண்டு தோசைக்கு மேல் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த மூன்றாவது தோசை என் தொண்டையில் இன்னும் நிற்கிறது. பயந்தவள் தோசை கேட்பாளா. மறந்து போச்சாம். போகுமா, நீந்தத் தெரிந்தவனுக்கு நீச்சல் மறக்குமா. மறக்கலாம், எனக்கு எத்தனை மறக்கிறது. இல்லை, எனக்கு மறப்பது வேறு. அது மாத்திரை.

மாத்திரையைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று போர்டைப் பார்க்கிறேன். டீச்சர் சைன், காஸ், டேன் என்று மூன்று வரி எழுதியிருக்கிறார். மாத்திரை போட்டால் எனக்குள் யாரோ ஈரச்சாக்கைப் போர்த்தினாற்போல் இருக்கும். சத்தமெல்லாம் தூரத்தில் கேட்கும். சோறு கிண்டுவதற்கு அது போதும், கை தானாகக் கிண்டும், கணக்குக்குப் போதாது. முதல் நாள் வகுப்பில் டீச்சர் சொன்னது ஒவ்வொன்றும் காதுக்குள் வந்து உட்காராமல் அப்படியே வெளியே போனது. இரண்டாம் நாள் நான் தூங்கிவிட்டேன், பூபதி பேனாவால் குத்தி எழுப்பினான். மூன்றாம் நாளிலிருந்து காலை மாத்திரையை விட்டுவிட்டேன். தாரணி அட்டையை எடுத்து எண்ணிப் பார்ப்பாள் என்பதால் தினமும் ஒன்றைப் பிதுக்கி எடுத்துச் சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். ராத்திரி மாத்திரை போடுகிறேனே, பரீட்சை வரைக்கும்தானே, அப்புறம் ஒழுங்காகப் போட்டுக்கொள்ளலாம். காலை மாத்திரையை விட்டதும் எவ்வளவு வெளிச்சம்! எத்தனை வருடம் கழித்து ஒரு காலை நேரத்தைப் பார்த்தேன். வேலியில் உட்கார்ந்திருந்த காக்காயின் கழுத்தில் சாம்பல் நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றுகூடத் தெரிந்தது. டீச்சர் சொல்வது உள்ளே வந்தது, வந்து நின்றது. முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் எப்போதும் நூற்றி எண்பது என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ அழுகை வந்தது, எப்படி இழுத்தாலும், எப்படிக் கோணலாக வரைந்தாலும் சேர்த்தால் அதே நூற்றி எண்பது. நேற்றுச் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து தாரணி என் இடது கையை விரித்து வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் அவள் நன்றாகத்தான் பேசுவாள். "சுண்டு வெரல்ல இருந்து எண்ணு. சைபர், முப்பது, நாப்பத்தஞ்சு, அறுபது, தொண்ணூறு. இப்ப டேன் அறுபது வேணும். அறுபது வெரல மடக்கு. அந்தப் பக்கம் எத்தன வெரல் நிக்குது?" மூணு. "இந்தப் பக்கம்?" கட்டை விரல் ஒண்ணு. "அவ்வளவுதாம்மா, மூணுக்கு ரூட். ரூட் மூணு. பரீட்சை ஹால்ல கைய யாரும் புடுங்கிக்க மாட்டாங்கல்ல?" என்று என் மடக்கிய விரலைத் தட்டிச் சிரித்தாள். அவள் விரல் என் விரல் மாதிரி இல்லை, நீளம், நகத்தடியில் ரோஸ் நிறம்.

இப்போது பெஞ்சுக்குக் கீழே அந்தக் கையை விரிக்கிறேன். அறுபதை மடக்குகிறேன். மூன்று, ஒன்று. ரூட் மூணு. எனக்கு வந்துவிட்டது. முப்பதோடு பெருக்கினால் கோபுரம் வந்துவிடும், அந்த மனுசன் வீட்டுக்குப் போகலாம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது. டீச்சர் பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்கிறார். முதல் பெஞ்சில் நிற்கிறார். "தாரணி, இதுல சைன் போடணுமா, டேன் போடணுமா?" அவள் எழுந்து நிற்கிறாள். சடை இரண்டும் அசையவில்லை. "தெரியலீங்க டீச்சர்." டீச்சர் பொறுமையானவர். "சரி, டேன் அறுபது எவ்வளவு? அதையாவது சொல்லு." ஜன்னல் வெளிச்சம் அவள் காதின் ஓரத்தில் விழுகிறது, காது சிவப்பாக ஒளிர்கிறது. சொல்லு கண்ணு. நேற்று என் விரலை மடக்கினாயே, அதே விரல். "தெரியலீங்க டீச்சர்" என்கிறாள். அதே குரலில், பால் கவரை நீட்டுவதுபோல் சாதாரணமாக. டீச்சர் பெருமூச்சு விடுகிறார். "போன வருசம் எனக்கே சொல்லிக்குடுத்த பொண்ணு நீ. உனக்கு என்னதான் ஆச்சு?" அவள் உட்கார்ந்துகொள்கிறாள். எனக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் இடம் மாறி உட்கார்ந்தது. மறக்கவில்லை. பயமும் இல்லை. நேற்றுத் தெரிந்தது இன்றைக்குத் தெரியவில்லை என்கிறாள், மார்ச்சிலும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. பரீட்சை ஹாலில் அத்தனை நேரம் உட்கார்ந்து, தெரிந்த கணக்கையெல்லாம் பார்த்துக்கொண்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என் மகள். இருபத்தி இரண்டுக்கு மேல் போய்விடக் கூடாது என்று கவனமாக. இந்தத் துணைத்தேர்விலும் பெயிலாவாள். அதற்கடுத்ததிலும் ஆவாள். பெட்டி கட்டிலுக்கடியில் அப்படியே இருக்கும், நான் 'தா' தைத்த துணிகளோடு. எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை, எதற்கு என்பது அவள் சொல்லாமலே எனக்குத் தெரிகிறது, மூன்றாவது படித்தபோது மரத்துப்போன அந்தக் கால்கள் தெரிகின்றன. நான் அவளைப் பெற்றேனா, அவள் தலைமேல் ஏறி உட்கார்ந்தேனா.

சுண்ணாம்பு வாசனை வருகிறது. ஈரச் சுண்ணாம்பு, அப்போதுதான் அடித்த சுவர். எந்தச் சுவருக்கு அடிக்கிறார்கள், லீவில் அடிப்பார்களாக இருக்கும் என்று நினைக்கிறேன், நினைக்கும்போதே தெரிந்துவிடுகிறது யாரும் அடிக்கவில்லை என்று. இந்த வாசனை வெளியிலிருந்து வருவதில்லை. இங்கே வேண்டாம். இங்கே வேண்டாம் சாமி, இத்தனை பிள்ளைகள் முன்னால் வேண்டாம், அவள் முன்னால் வேண்டாம், நாலு மணி வரைக்கும் பொறுத்துக்கொள், வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம். வயிற்றிலிருந்து ஒன்று மேலே ஏறுகிறது, ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது வருமே அதுபோல. எழுந்து வெளியே போய்விடலாமா, வராந்தா வரைக்கும், கவிழ்த்த பெஞ்சுகள் இருக்கும் அறை வரைக்கும். கால் என்னுடையதாக இல்லை. இதெல்லாம் முன்பே நடந்திருக்கிறது, பூபதி இதேபோல் திரும்பி இதே சட்டைப் பொத்தானைத் திருகினான், டீச்சர் இதேபோல் சாக்பீஸை உடைத்தார், ஜன்னலில் அணைச்சுவர் இதேபோல் மிதந்தது, அடுத்து யாரோ என் பெயரைச் சொல்வார்கள். "துளசிமணிக்கா, நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்கிறார் டீச்சர். எனக்குத் தெரியும் டீச்சர், ரூட் மூணு, ரூட் மூணு. சொல்லிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எத்தனை முகம். அவளும் திரும்பிவிட்டாள். திரும்ப மாட்டேன் என்றாளே. அந்த மனுசன் கோபுரத்தை விட்டு நடக்க ஆரம்பிக்கிறான், துண்டு பறக்கிறது, வெள்ளையாக, வெள்ளையாக

தண்ணீருக்கடியில் யாரோ பேசுகிறார்கள். பெண் குரல். கண்டிப்பான குரல், நர்ஸாக இருக்கும், இல்லை யாரோ அதிகாரியாக இருக்கும். "சாவி எல்லாம் வேண்டாம். கையில இரும்பு குடுத்தா ஒண்ணும் ஆகாது, கொண்டுபோ. எல்லாரும் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்." ஒரு சின்னக் குரல், "ஆயா செத்துருவாங்களா?" "சாக மாட்டாங்க. இது வர்றதுதான், அடங்கிருச்சு பாரு." இன்னொரு குரல், நடுங்குகிற குரல், "ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமாம்மா?" "வேண்டாங்க டீச்சர். ரொம்ப நேரம் நிக்காம இழுத்தாத்தான் கூப்பிடணும். எங்கம்மாவுக்கு எப்பவும் இவ்வளவுதான் இருக்கும்." எங்கம்மா. யாருடைய அம்மா, பாவம். மேலே ஒன்று சுற்றுகிறது, அதற்குப் பெயர் இருக்கிறது, வரவில்லை. கன்னத்துக்கடியில் ஏதோ மெத்தென்று, துணி, துணிக்குள் ஒரு துடிப்பு. நாக்கில் உப்பு. கண்ணுக்கு நேரே ஒரு முகம் தலைகீழாக, இரண்டு சடைகள் என் மேல் தொங்குகின்றன. இந்தச் சடைகளை எனக்குத் தெரியும். இந்த முகத்தைத் தெரியும். பெயரைத்தான் காணவில்லை, தேடுகிறேன், பக்கெட், நூல், 'தா'. தாரணி. அது கிடைத்ததும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிட்டது. பெஞ்சு, வகுப்பு, அத்தனை பேர். இடுப்புக்குக் கீழே ஈரம். ஐயோ. கையைக் கொண்டுபோகப் பார்த்தேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூடிட்டேம்மா. என் ஷாலப் போட்டு மூடிட்டேன். யாரும் பாக்கல" என்றாள் காதுக்குள். பார்த்திருப்பார்கள். ஆனாலும் மூடியிருந்தாள். டீச்சர் பிள்ளைகளை வராந்தாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பூபதி கதவோரத்தில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும் என்று தோன்றவில்லை, ஆனால் இத்தனை வருடமாக இறுக்கிப் பிடித்திருந்த கம்பி ஒன்று கையிலிருந்து கழன்றுவிட்டது, கை வலி குறைந்த மாதிரி இருந்தது.

அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவள் மடியில் நான். "காலைல மாத்திரை போட்டியா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை, அதனால் பொய் சொல்ல முடியவில்லை.

"போடல."

"எத்தன நாளா?"

"கிளாசுக்கு வந்ததுல இருந்து. அதப் போட்டா ஒண்ணும் மண்டையில நிக்கறதில்ல கண்ணு. தூக்கம் வருது." நாக்கு தடித்துப்போய்ச் சொற்கள் குழைந்து வந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை, போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையில எண்ணிப் பாத்தேனே, சரியா இருந்துச்சே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சாக்கடையில் போட்டதைச் சொன்னேன்.

"டேன் அறுபது எவ்வளவு?" என்று நான் கேட்டேன்.

போர்டைப் பார்த்தபடியே, "ரூட் மூணு" என்றாள்.

"டீச்சர் கேட்டப்பத் தெரியலைன்ன."

அவள் உதடு கோணிக்கொண்டு போனது. மூன்றாவது படித்தபோதும் அழாதவள், அப்புறம் எத்தனையோ முறை அழாதவள், இப்போது அழுதாள், அவள் வயிறு குலுங்குவது என் தலைக்குத் தெரிந்தது. "நான் போயிட்டா யாரு உன் தலையப் புடிக்கறது? அப்பா வருசம் பூரா வெளியூர். நீ யாருகிட்டயும் சொல்லவும் மாட்ட. அங்க ஆஸ்டல்ல உக்காந்து நான் என்ன படிப்பேன்? எப்ப போன் அடிச்சாலும் நீ எடுக்கலைன்னா நான் என்னன்னு நெனைப்பேன்?" மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "அதான் விட்டுட்டேன். கேள்வியெல்லாம் ஈசிம்மா. எல்லாமே தெரிஞ்ச கேள்வி." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போதுதான் அதிகம் அழுதாள். தெரிந்த கேள்விகளை விட்டுவிட்டு வந்தது அவளுக்கு அவ்வளவு வலித்திருக்கிறது, நான் மூன்றாவது தோசையைத்தான் பார்த்தேன். திட்ட வேண்டும் என்று நினைத்தேன். அடிக்கக்கூடத் தோன்றியது, கை எழவில்லை. எனக்காக நீ ஏண்டி உன்னைக் கெடுத்துக்கொண்டாய் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, நானும் அவளிடம் சொல்லாமல் தினமும் ஒன்றைச் சாக்கடையில் போட்டவள்தானே. "ராசாத்திகிட்டச் சொல்லிரலாம்" என்றேன். "பக்கத்து வீடுதான. அவ வருவா. சமையல்காரம்மாகிட்டயும் சொல்லிர்றேன். அடுப்பு வேண்டாம், காய் நறுக்கறேன், தட்டுக் கழுவறேன்னு கேக்கறேன். முடியாதுன்னா வேற பாத்துக்கலாம்." சொல்லச் சொல்ல இது எவ்வளவு சின்ன விஷயம் என்று ஆச்சரியமாக இருந்தது. ஒரு வாயைத் திறந்திருந்தால் போதும். வாயைத் திறக்காமல் ஒரு பிள்ளையின் வருடத்தைத் தின்றிருக்கிறேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். யோசிக்கும்போது அவள் அப்பா மாதிரியே நெற்றியைச் சுருக்குவாள். "சரி" என்றாள். "நீ மாத்திரையப் போடு. நான் கணக்கப் போடறேன்."

"நான் எப்படிப் பாஸ் பண்றது?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டர்கிட்டக் கேக்கலாம், தூக்கம் வராத மாத்திரை வேற இருக்கும். அதுவரைக்கும் நீ தூங்கித் தூங்கி விழு. நான் எழுப்பறேன்."

டீச்சர் உள்ளே வந்தார். ஆட்டோ சொல்லட்டுமா துளசிமணிக்கா, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்குங்க என்றார். எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. தாரணி எழுந்து, தன் பையை மடித்து என் தலைக்கடியில் வைத்துவிட்டு, பூபதியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நான் தரையில் படுத்தபடி எல்லாவற்றையும் கீழேயிருந்து பார்த்தேன். பெஞ்சுகளின் அடிப்பக்கத்தில் யார் யாரோ பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். வராந்தாவில் பிள்ளைகள் மெதுவாகப் பேசினார்கள். தூக்கம் பெரிய அலையாக வந்து வந்து போனது. அவள் திரும்பி வந்தபோது முகமெல்லாம் வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மாற்றுச் சேலையும் மாத்திரையும் பாட்டிலில் தண்ணீரும் கொண்டுவந்தாள். டீச்சர் கதவைச் சாத்தி வெளியே காவல் நின்றார், அவள் எனக்குச் சேலை மாற்றிவிட்டாள், கொசுவத்தை என்னைவிட நன்றாக வைத்தாள். பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தாள். "மொதல்ல வெறும் தண்ணி குடி. முழுங்க முடியுதா?" முடிந்தது. மாத்திரையை வாயில் போட்டேன். "நாக்க நீட்டு" என்றாள். நீட்டினேன். கடிபட்ட நாக்கு எரிந்தது. அவள் குனிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள், நாக்குக்கடியிலும் பார்த்தாள். என்னை நம்ப வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டாள், அது நியாயம்தான்.

கதவைத் திறந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், என்னைப் பார்த்தும் பார்க்காததுபோலும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பூபதி, "ஆயா, இப்பப் பரவாயில்லையா?" என்றான். தலையாட்டினேன். தாரணி தன் இடத்துக்குப் போகவில்லை. நேராகப் போர்டுக்குப் போனாள். டீச்சரிடம் கையை நீட்டினாள், அவர் சாக்பீஸைக் கொடுத்தார். அவள் எழுத ஆரம்பித்தாள். முதல் வரி, இரண்டாம் வரி, சமக்குறி சமக்குறிக்கு நேர் கீழே. மாத்திரை இன்னும் கரைந்திருக்காது, ஆனாலும் தூக்கம் என்னைத் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தியது, கண் செருகியது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நகத்தால் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டேன். அவள் கை நிற்காமல் ஓடியது. கடைசி வரியை எழுதி, விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, அவள் திரும்பி என்னைப் பார்க்கிற வரைக்கும் நான் விழித்திருந்தேன்.